முப்பத்தொரு அவசரம்

செடிகளின் துயர் ஆய்வு நிலையத்தில் ஒரு வறட்சியைத் தொடங்க வேண்டுமென்றால் சிறப்பு விருந்தினர் ஒருவர் வந்து தொடங்கிவைக்க வேண்டும் என்பது விதி. வறட்சிக்கெல்லாம் யார் வருவார்கள் என்று கேட்கக் கூடாது. நாற்காலி போட்டு, நாடா கட்டி, ஒலிபெருக்கி வைத்தால் எதற்கும் வருவார்கள்.

அன்று வந்தவருக்காகக் கண்ணாடி வீட்டின் தண்ணீர்க் குழாய்க்குக் குறுக்கே நாடா கட்டியிருந்தார்கள். கத்தரிக்கோல் வைத்த தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றவர் பூவாளி. இது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கண்ணாடி வீட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் என்பதால் கையிலிருந்த சாமான் பெயரோடு ஒட்டிக்கொண்டது. சம்பளப் பட்டியலில் அவர் ‘ஈரப்பத உதவியாளர், இரண்டாம் நிலை’. முதல் நிலை யாரென்று அவரும் சேர்ந்த நாளிலிருந்து விசாரிக்கிறார். ஆள் இல்லை, நாற்காலி மட்டும் இருக்கிறது என்கிறார்கள்.

இயக்குநர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

“தண்ணீர் கொடுப்பது யாராலும் முடியும். ஒரு மேகம்கூடச் செய்துவிடும். ஆனால் தண்ணீரை முறைப்படி நிறுத்துவதற்கு ஒரு நிறுவனம் வேண்டும்! வறட்சி வந்தால் மற்றவர்கள் அழுகிறார்கள். நாம்தான் அதற்கு அழைப்பிதழ் அச்சடிக்கிறோம்!”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. விருந்தினர் நாடாவை வெட்டினார், குழாயைத் திருகி மூடினார். குழாய்க்குப் பூட்டுப் போட்டு, பூட்டின் மேல் அரக்கு வைத்து, சாவியை ஒரு நீல வெல்வெட் பெட்டியில் வைத்து நினைவுப் பரிசாக அவரிடமே கொடுத்தார்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “எத்தனையோ பரிசு வாங்கியிருக்கேன். எதையாவது திறக்கக்கூடிய பரிசு இதுதான் முதல்,” என்றார். பெட்டியோடு காரில் ஏறிப் போனார்.

இது நிற்க. அந்தக் கண்ணாடி வீட்டில் என்ன இருந்தது என்பதை இங்கே எழுதிவிட வேண்டும். முப்பத்தாறு தொட்டிகள். வரிசைக்குப் பன்னிரண்டாக மூன்று வரிசை. செடி ஒவ்வொன்றும் ஒரு டம்ளர் உயரம்கூட இல்லை. அவற்றை உருவாக்க ஆய்வாளர் அம்மாவுக்கு நான்கு வருஷம் பிடித்தது. விதை இன்னும் வைக்கவில்லை. ஆக முப்பத்தேழாவது செடி என்று உலகத்தில் ஒன்று கிடையாது. ஏழு நாள் காய விட்டு, ஏழாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்குள் தண்ணீர் விட வேண்டும். விட்டால் சோதனை முடியும். விடாவிட்டால் பொழுது சாய்வதற்குள் செடிகள் முடிந்துவிடும். மாதக் கடைசியோடு அந்த அம்மாவின் பணிக்காலமும் முடிகிறது. முடிவு கையில் இருந்தால்தான் நீட்டிப்பு.

மூன்றாம் நாள் பூவாளி காலி வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை ஆய்வாளர் பார்த்தார்.

“என்ன அண்ணே, முகம் செடியைவிட வாடியிருக்கு?”

“கண்ணு முன்னாடி துவளுது. ஊத்தாதேங்கறீங்க. இந்தக் கை என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது மேடம்.”

“அதுங்க இப்ப உள்ளுக்குள்ள அலறிக்கிட்டிருக்கு அண்ணே. நமக்குத்தான் கேக்காது. தண்ணி குறைஞ்சா செடிக்குள்ள சில புரதங்கள் மேல பாஸ்பேட்னு ஒரு துண்டு ஒட்டிக்கும். சிவப்புச் சீட்டு மாதிரின்னு வெச்சுக்கங்க. புரதத்துல டைரோசின்னு ஒரு இடம். அங்க சீட்டு விழுந்தா ‘ஆபத்து, ஆபத்து’ன்னு அர்த்தம். சீட்டு விழுந்தது அடுத்ததைக் கிளப்பும், அது அதுக்கு அடுத்ததைக் கிளப்பும். இலையில இருக்கற மூச்சுத் துளையெல்லாம் மூடிக்கும். வளர்ச்சி நின்னுடும்.”

“அப்புறம் தண்ணி ஊத்தினா சரியாயிடும்.”

“அதான் இல்ல. தண்ணி வந்துட்டா சீட்டு தானா உதிராது. யாராவது பிய்ச்சு எடுக்கணும். அதுக்குன்னே ஒரு நொதி இருக்கு. டைரோசின் பாஸ்பட்டேஸ்னு பேரு. ஒட்டின சீட்டைப் பிய்க்கும். அவ்வளவுதான் அதோட வேலை.”

“வேற ஒண்ணும் செய்யாதா?”

“செய்யாது.”

“புதுசா எதையும் உண்டாக்காதா?”

“ஊஹூம்.”

“பாவம். இங்க வேலைக்குச் சேர்ந்தா அதுக்குப் பதவி உயர்வே கிடைக்காது மேடம்.”

ஆய்வாளர் சிரித்துவிட்டு வரிசைகளைக் காட்டினார். முதல் வரிசையில் அந்த நொதி இயல்பான அளவு. இரண்டாவது வரிசையில் அந்த நொதி இல்லை. தண்ணீர் குடித்த பிறகும் அதற்குப் பதற்றம் தணியாது. மூன்றாவது வரிசையில் அந்த நொதி அளவுக்கு மேல். காய்ந்து சருகானாலும் அது கவலைப்படாது.

பூவாளி மூன்றாவது வரிசையைக் குனிந்து பார்த்தார். “இதைப் பார்த்தா நம்ம கண்காணிப்பாளர் சார் ஞாபகம் வருது,” என்றார்.

ஆறாம் நாள் காலை சாவிக்காக விருந்தினர் வீட்டுக்குத் தொலைபேசியில் கேட்டார்கள். அவர் பன்னிரண்டு நாள் வெளிநாட்டுப் பயணம் போயிருந்தார். “பெட்டி கூடவேதான் இருக்கு,” என்றார் அவருடைய உதவியாளர். “போற இடத்துலயெல்லாம் திறந்து காட்டறாராம்.”

“சாவி கெடக்குது மேடம்,” என்றார் பூவாளி. “வாசல் குழாய்ல ஒரு வாளி பிடிச்சு ஊத்திடறேன். ஆச்சு.”

ஆய்வாளர் பதறிப்போய் விதிப் புத்தகத்தை எடுத்து விரித்தார். ‘உத்தரவின்றித் தொட்டியில் விழும் நீர், நீர் ஆகாது. அது கசிவு எனப்படும். கசிவு பட்ட சோதனை செல்லாது.’ தொட்டிக்குத் தொட்டி ஈரமானி வேறு குத்தியிருந்தது. நீர் விழுந்த நிமிஷத்தை அது எழுதிவிடும். அதாவது செடி பிழைக்கும், நான்கு வருஷம் செத்துவிடும்.

இருவரும் இயக்குநரிடம் போனார்கள்.

“தொடங்கிவெச்சவர்தான் முடிச்சுவெக்கணும். அதுதான் மரியாதை,” என்றார் இயக்குநர். “அவர் இல்லாம முடிச்சா, அது முடிஞ்ச வறட்சியா, கைவிட்ட வறட்சியான்னு நாளைக்கு ஒருத்தன் கேப்பான். மாற்று ஏற்பாடுன்னா கோப்பு போட்டு வாங்க. அவசரம்னு ஒரு சீட்டும் குத்திடுங்க.”

ஆய்வாளர் மூன்று வரியில் ஒரு தாள் எழுதினார். அதன் மேல் ‘அவசரம்’ என்று ஒரு சிவப்புச் சீட்டைக் குத்தினார். நான்கு வருஷத்தில் அவர் செய்த ஒரே தப்பு அதுதான்.

சிவப்புச் சீட்டு குத்திய கோப்பை அந்த நிலையத்தில் எவரும் கையெழுத்துப் போட்டு முடிப்பதில்லை. அவசரமான விஷயத்தில் அவசரப்பட்டவன் என்ற பெயர் வந்துவிடும். சும்மா அனுப்பவும் முடியாது. அலட்சியக்காரன் என்ற பெயர் வந்துவிடும். எனவே ஒவ்வொருவரும் தம் பங்குக்கு ஒரு சீட்டைக் குத்தி அடுத்தவருக்கு அனுப்புவார். குத்துகிற அதிகாரம் கடைநிலை எழுத்தர்வரை உண்டு. எடுக்கிற அதிகாரம் யாருக்கும் கிடையாது. அதைக் கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

கோப்பைத் தூக்கிக்கொண்டு பூவாளி முதலில் வறட்சிப் பிரிவுத் துணை இயக்குநரிடம் போனார். அவர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“தண்ணி விடறதுக்கு நான் கையெழுத்தா? பதினோரு வருஷமா இந்த நாற்காலியில உக்காந்து ஒரு சொட்டு விட்டதில்லய்யா. என் சேவைப் பதிவேடு காஞ்சு கிடக்கு, தொட்டுப் பார்! ஓய்வுக்கு ஆறு மாசம் இருக்கும்போது நனைக்கச் சொல்றியா?”

“அப்ப யாருகிட்டங்க சார் போறது?”

“தண்ணின்னா வெள்ளப் பிரிவு. அங்க போ. இரு, நாளைக்கு யாரும் என்னைச் சொல்லக் கூடாது பாரு,” என்று ‘மிக அவசரம்’ குத்தினார்.

வெள்ளப் பிரிவுத் துணை இயக்குநர் எதிர் அறை. அவர் முதலில் அளவைக் கேட்டார்.

“தொட்டிக்குக் கால் லிட்டர் சார். மொத்தம் ஒன்பது லிட்டர்.”

“ஒன்பது லிட்டரா!” அவர் நாற்காலியிலேயே சரிந்தார். “ஒன்பது லிட்டரை வெள்ளம்னு கையெழுத்துப் போட்டா நான் வெளிய தலைகாட்ட முடியுமா? வெள்ளம்னா குறைஞ்சபட்சம் ஒரு கட்டிலாவது மிதக்கணும்யா.”

“கண்ணாடி வீட்டுல கட்டில் இல்லீங்களே.”

“பாத்தியா, நீயே சொல்லிட்ட,” என்று ‘மிக மிக அவசரம்’ குத்தி வறட்சிக்கே திருப்பினார்.

வறட்சி வெள்ளத்துக்கு அனுப்பியது. வெள்ளம் வறட்சிக்கு அனுப்பியது. இரண்டு கதவுகளுக்கும் இடையே ஏழு அடி. அந்த ஏழு அடியைப் பூவாளி மதியத்துக்குள் பதினான்கு தடவை கடந்தார். நடுவில் எழுத்தர்களும் ஆளுக்கொன்று குத்தினார்கள். ‘உடனடி’, ‘இன்றே’, ‘நேற்றே’ என்று சீட்டுகள் ஏறி, கோப்பு சேவல் கொண்டை மாதிரி சிலிர்த்து நின்றது. தூக்கிக்கொண்டு நடந்தால் எதிரில் வருகிறவர்கள் சுவரோடு ஒதுங்கினார்கள். எண்ணிப் பார்த்தார்: முப்பத்தொன்று. உள்ளே இருந்த மூன்று வரித் தாள் கண்ணுக்கே தெரியவில்லை.

நாலு மணிக்கு அவசரக் கூட்டம் கூட்டினார்கள். பன்னிரண்டு அதிகாரிகள். ஒவ்வொருவர் முன்னாலும் அரை லிட்டர்த் தண்ணீர் பாட்டில் இரண்டு. கோப்பை ஏந்திக்கொண்டு கதவோரம் நின்ற பூவாளிக்கு மனக்கணக்கு தானாக ஓடியது. பன்னிரண்டு லிட்டர். செடி குடித்ததுபோக மூன்று லிட்டர் மிச்சமாகும்.

இயக்குநர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு ஆரம்பித்தார். “தாகம் என்றால் என்ன என்பதை இந்த அறையில் உள்ளவர்களைவிட அறிந்தவர்கள் யாரும் இல்லை. அதுபற்றி நாம் நாற்பது கட்டுரை எழுதியிருக்கிறோம். ஆகவே பதறாமல் முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். செடிகள் தரப்பிலிருந்து எழுத்துமூலமாகக் கோரிக்கை ஏதாவது வந்திருக்கிறதா?”

“செடி எழுதாது சார்,” என்றார் ஆய்வாளர்.

“அப்ப, தண்ணி வேணும்ங்கறது உங்க அபிப்பிராயம்.”

“இலை துவண்டிருக்கு சார்!”

“துவள்றது வேற, கேக்கறது வேற,” என்றார் வறட்சி. “நான்கூடத்தான் மத்தியானம் துவள்றேன். யாரு தண்ணி ஊத்தறா?”

ஒரு மணி நேரத்தில் இரண்டு முடிவுகள் எட்டப்பட்டன. இந்த விவகாரத்தால் அலுவலர்களுக்குக் கடும் மன அழுத்தம் ஏற்பட்டிருப்பதால், நாளைக் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை பெரிய கூடத்தில் எல்லாருக்கும் மூச்சுப் பயிற்சி. தண்ணீரைப் பற்றி நாளை நாலு மணிக்கு மறுபடி கூடி யோசிப்பது.

“மூணு மணிக்குள்ள ஊத்தணும் சார்!” ஆய்வாளரின் குரல் உடைந்தது.

“அது தெரிஞ்சுதாம்மா நாலு மணிக்கே கூடறோம்,” என்றார் இயக்குநர் அன்போடு. “வழக்கமா பதினைஞ்சு நாள் ஆகும்.”

பூவாளி வீட்டுக்கு வந்தபோது மனைவி தையல் இயந்திரத்தின் முன்னால் ஒரு மேல்கோட்டை மடியில் போட்டுக் குனிந்திருந்தாள். ஊர்த் துணியில் பாதி அவள் கையில்தான் உருவாகும்.

“இந்தக் கொடுமையைப் பாருங்க. நாலு தையல்காரங்க கைமாறி வந்திருக்கு. ஆளாளுக்குச் சரிபண்றேன்னு ஒரு மடிப்பு புடிச்சிருக்காங்க. உள்ள ஆள் நுழைய வழியில்ல. சட்டையா, மூட்டையான்னு தெரியல.”

“நீ இப்ப என்ன தைக்கப் போற?”

“தைக்கிறதா? இனிமே இதுல ஊசி குத்தினா பாவம். எல்லாத்தையும் பிரிக்கப் போறேன். துணி நல்ல துணிதான். மேல குத்தினதுதான் வில்லங்கம்.” கையில் இருந்த சின்னக் கொக்கியால் ஒரு தையலை நெம்பினாள். சட்டென்று ஒரு மடிப்பு விரிந்து, கோட்டு பெருமூச்சு விட்டது.

பூவாளி சாப்பிடவும் போகாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குள் ஆய்வாளர் சொன்ன பாடமும் இரண்டாவது வரிசைச் செடிகளும் பதினான்கு தடவை நடந்த ஏழு அடியும் ஒன்றோடொன்று மோதின.

“இந்தக் கொக்கி இன்னொண்ணு இருக்கா?”

“எதுக்கு?”

“ஆபீஸ்ல ஒரு சட்டை இறுக்கமா இருக்கு.”

“ஊருக்கெல்லாம் பிரிச்சுக் கொடுக்கறேன், வீட்டு ஆளுக்கு இல்லாமலா?” பெட்டியைத் துழாவி ஒன்றைக் கொடுத்தாள். “இழுக்காதீங்க, துணி கிழிஞ்சிடும். உள்ள விட்டு மெதுவா நெம்புங்க. என்னவோ உங்க மூஞ்சியில களவாணிக் களை தெரியுது.”

மறுநாள் பத்து மணிக்கு நிலையமே பெரிய கூடத்தில் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. பூவாளி கண்ணாடி வீட்டுக்குப் பின்னால் இருந்த மண்வெட்டி அறையில் கோப்பை மடியில் வைத்து உட்கார்ந்தார். முதல் சீட்டில் கொக்கியை விட்டார். ‘நேற்றே’ பொட்டென்று விழுந்தது. ஒன்றும் இடிந்து விழவில்லை. அடுத்து ‘இன்றே’. பிறகு கை வேகம் பிடித்தது. ‘மிக மிக’ போயிற்று, ‘மிக’ போயிற்று. சிவப்புத் துண்டுகள் காலடியில் குவியக் குவிய அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினார், அடங்கவில்லை. கூடத்திலிருந்து ஒலிபெருக்கி, “மெதுவாக விடுங்கள்... எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள்...” என்றது. “விட்டுக்கிட்டுத்தாங்க இருக்கேன்,” என்று அடுத்ததை நெம்பினார். முப்பத்தொன்றையும் பழைய பெயின்ட் டப்பாவுக்குள் போட்டு மூடினார்.

மடியில் ஒரே ஒரு தாள் மிஞ்சியது. ‘கண்ணாடி வீடு. முப்பத்தாறு தொட்டிகள். தண்ணீர் ஊற்ற அனுமதி வேண்டப்படுகிறது.’

அதை எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளர் அறைக்குப் போனார். மூச்சுப் பயிற்சிக்குப் போகாத ஒரே ஆள் அவர்தான். “நான் எதுக்கு? பதறினாத்தானே பழகணும்,” என்று சொல்லிவிட்டார். சீட்டு இல்லாத தாள்கள் எல்லாம் அவருடைய மேஜையில் உள்ள வழக்கத் தட்டுக்குத்தான் வரும். தேநீர் வருவதற்குள் நாற்பது தாள்களில் ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். சீட்டு குத்திய தாளை மட்டும் அவரிடம் யாரும் கொண்டு போனதில்லை, வழக்கமானவற்றுக்குத்தானே அவர்.

பூவாளி ‘துடைப்பம் இரண்டு’க்கும் ‘கழிவறைத் தாழ்ப்பாளு’க்கும் நடுவில் தாளைச் செருகிவிட்டுக் கைகட்டி நின்றார். பேனா துடைப்பத்தைக் கடந்தது. அடுத்த தாளில் நின்றுவிட்டது. கண்காணிப்பாளர் தலையைத் தூக்கினார். அவர் தலையைத் தூக்கிப் பார்ப்பது அந்த வருஷத்தில் அதுவே முதல் தடவை.

“என்னய்யா இது, செடிக்குத் தண்ணியா?”

“ஆமாங்க சார்.”

“அவசரமா?”

கண்ணாடி வீட்டில் முப்பத்தாறு செடிகள் அலறுவது பூவாளிக்கு இப்போது நன்றாகவே கேட்டது.

“இல்லீங்க சார்,” என்றார். “வழக்கந்தான். இருபத்திரண்டு வருஷமா ஊத்திக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“அதானே பாத்தேன்.” ஆட்சேபணை இல்லை. கையெழுத்து. முத்திரை. பேனா தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது.

ஆவணப் பிரிவு ஆட்கள் பயிற்சி முடிந்து, சாப்பிட்டுவிட்டு வந்து எண் போட்டுக் கொடுக்கும்போது மணி இரண்டே கால். கண்ணாடி வீட்டுக் குழாயில் பூட்டும் அரக்கும். ஆனால் உத்தரவு ‘தண்ணீர்’ என்றுதான் சொன்னது, எங்கிருந்து என்று சொல்லவில்லை. வாசல் குழாயில் மதியத்துக்கு மேல் தண்ணீர் வராது. பூவாளி பெரிய கூடத்துக்கு ஓடினார். எல்லாவற்றையும் விட்டுவிடச் சொன்னதால் அலுவலர்கள் பாட்டில்களையும் விட்டுப் போயிருந்தார்கள். திறக்காதவையாகப் பார்த்துப் பதினெட்டு பாட்டில் பொறுக்கினார். பதினெட்டு அரை ஒன்பது.

ஆய்வாளர் உத்தரவை இரண்டு கையாலும் பிடித்துப் படித்தார். திருப்பிப் படித்தார். “அண்ணே, சீட்டெல்லாம் எங்க?”

“பிரிச்சிட்டேன் மேடம். துணி நல்ல துணிதான்.”

மூன்று மணிக்கு நான்கு நிமிஷம் இருந்தபோது முப்பத்தாறாவது தொட்டியில் கடைசிக் கால் லிட்டர் இறங்கியது. இருவரும் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். நாலு மணிக்கு முதல் வரிசையில் ஒரு இலை, தூங்கி எழுந்த பிள்ளை மாதிரி, லேசாகத் தலையைத் தூக்கியது. ஐந்து மணிக்குள் பன்னிரண்டும் நிமிர்ந்துவிட்டன. இரண்டாவது வரிசை குடித்த தண்ணீரை நம்பாமல் விறைத்தே நின்றது. மூன்றாவது வரிசைக்கு நடந்தது எதுவுமே தெரியாது.

அங்கே நாலு மணிக் கூட்டத்துக்குப் பன்னிரண்டு பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கோப்பு வரவில்லை. மேஜை மேல் சிவப்பாக எதுவும் இல்லை. எதற்காகப் பதற வேண்டும் என்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை. “நாம எதுக்குக் கூடினோம்?” என்று இயக்குநர் கேட்டார். நாலு பத்துக்கு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். நிலையம் தோன்றிய நாளிலிருந்து அப்படி நடந்ததில்லை. வெள்ளம் விசில் அடித்துக்கொண்டே படி இறங்கினார். வறட்சி வாசல் காவலரிடம், “உனக்கு எத்தனை பிள்ளைங்கப்பா?” என்று கேட்டார். பதினோரு வருஷமாகச் சலாம் வைத்தும் தலையாட்டல்கூட வாங்காத அந்த மனுஷன், கணக்கு மறந்து, “அஞ்சு, இல்லீங்க, மூணு,” என்றார்.

தண்ணீர் ஊற்றிய மூன்றாம் நாள் ஆய்வாளர் ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினார். மலை மாதிரி ஏறிய கோடு, தண்ணீர் விழுந்த இடத்திலிருந்து சரசரவென்று இறங்கியது. “பாருங்க அண்ணே, சீட்டு உதிருது!” இரண்டாவது வரிசையின் கோடு மட்டும் உச்சியிலேயே நின்றது. அந்த வரைபடத்தோடு பணி நீட்டிப்புக்குத் தாள் போட்டார். சிவப்புச் சீட்டு குத்தவில்லை. மறுநாளே வந்துவிட்டது.

ஆனால் நிலையத்திலும் ஒரு இரண்டாவது வரிசை உண்டல்லவா? வறட்சித் துணை இயக்குநருக்கு அமைதியாக இருந்ததே பெரிய அமைதிக்குறைவாகப் போயிற்று. தேடித் தேடி மண்வெட்டி அறைப் பெயின்ட் டப்பாவைக் கண்டுபிடித்துவிட்டார். முப்பத்தொரு அவசரமும் உள்ளே அமைதியாகக் கிடந்தது. மாலைக்குள் பூவாளிக்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை பிறந்தது. அவர் கைக்கு வருவதற்குள் அதன் மேல் ஒன்பது சீட்டு ஏறியிருந்தது.

“வேலை போயிடுமா அண்ணே?” ஆய்வாளருக்குக் கண் நிறைந்துவிட்டது. “என்னாலதானே.”

பூவாளி பொருள் வரியை விரலால் தடவி வாசித்தார். ‘பொருள்: கோப்புகளில் உள்ள சிவப்புச் சீட்டுகளை ஈரப்பத உதவியாளர், இரண்டாம் நிலை, அகற்றுவது தொடர்பாக.’ மறுபடியும் வாசித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கொக்கியை எடுத்தார்.

ஒன்பதும் விழ ஒன்பது வினாடி.

கண்காணிப்பாளரின் வழக்கத் தட்டில் அன்று வாளிக் கைப்பிடி ஒன்று, மின்விளக்கு மூன்று, நடுவில் அந்தத் தாள். பேனா வந்தது. இந்தத் தடவை நிற்கவில்லை. ‘ஆட்சேபணை இல்லை.’ கையெழுத்து. முத்திரை. நகல் எல்லாப் பிரிவுகளுக்கும்.

பூவாளி தாளை ஊதிக் காயவைத்து ஆவணப் பிரிவில் எண் போட்டு வாங்கிக்கொண்டார். வழியில் வறட்சிப் பிரிவு திறந்திருந்தது. மேஜை மேல் பதினோரு வருஷத்துக் கோப்புகள் கொண்டை கொண்டையாகச் சிலிர்த்து நின்றன.

“உள்ள வரலாங்களா சார்?” என்றார். “வழக்கமான வேலைதான். அவசரம் ஒண்ணும் இல்ல.”